மங்கோலியச் சம்பந்தியும் பேரவைச் சால்வையும்

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் இருக்கும் ஒன்றியத் தமிழ்ப் பேரவையை ஏதோ லேசுப்பட்ட சங்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் சங்கம் ஒன்றும் தமிழ்நாட்டார் சங்கம் ஒன்றும் தனித்தனியே சண்டை பிடித்துக் களைத்துப் போய், இனிச் சேர்ந்தே சண்டை பிடிப்போம் என்று முடிவெடுத்த நாளில் பிறந்தது அது. அதனால் அங்கே எல்லாமே இரண்டு. குத்துவிளக்கு இரண்டு, வரவேற்புரை இரண்டு, நன்றியுரை இரண்டு. இடைவேளையில் இந்தப் பக்கம் மெதுவடை, அந்தப் பக்கம் மீன் ரோல்ஸ். ஒன்றே ஒன்றாக இருப்பது தலைவர் நாற்காலி மட்டும்தான். அதில் சதாசிவம் சார் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, எழுந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

பேரவைக்கு இன்னொரு மரபும் உண்டு. ஆரம்பத்தில் எந்தக் கூட்டமும் முடிந்தபாடில்லை. தோற்ற பக்கம் கார் நிறுத்துமிடத்தில் நின்று விடியவிடியக் கத்தும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் போலீசுக்குப் போன் போடுவார். கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தலைவர் தோளில் பொன்னாடை விழுந்தால் கூட்டம் முடிந்தது. அதற்கு முன் மைக்கில் கடைசியாக என்ன சொல்லப்பட்டதோ அது ஏகமனதாக நிறைவேறியதாகக் கொள்ளப்படும். பிறகு யாரும் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை பொன்னாடைக்கு முன்னால் மைக்கில் வந்த கடைசி வாசகம், "வாசலை மறிச்சு நிக்கிற வெள்ளை டொயோட்டாவை எடுக்கவும்" என்பது. அதுவும் ஏகமனதான தீர்மானம்தான். இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட பேரவையிடம்தான் மகேசன் தன் மகன் கலியாணத்துக்கு மண்டபம் கேட்டுப் போனார்.

மகேசன் விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். இத்தனை வருஷத்தில் பேரவை மைக்கை அவர் தொட்டதில்லை. ஆனால் மண்டபத்தின் தரையில் இருக்கும் ஒவ்வொரு டைலையும் தொட்டவர். கட்டும்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் முழங்காலில் நின்று பதித்தது அவர்தான். அவர் மனைவி ரதிதேவி அந்த மண்டபத்துக்காக அவித்த இடியப்பத்தைச் சுற்றிக் கட்டினால் ஆக்லாந்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். "பிரணவனுக்குக் கலியாணம் எண்டால் எங்கட மண்டபத்திலதான்" என்று அவள் சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தாள். வேறு இடத்தில் வைத்தால் சனம் என்ன கதைக்கும்? பேரவை விடேல்லையாம், பெட்டை வேற இனமாம் என்றுதானே கதைக்கும்.

செயலாளர் தியாகலிங்கத்தார் ஊரில் ஆசிரியராக இருந்தவர். இங்கேயும் ஆசிரியராகவே இருக்கிறார், மாணவர்கள்தான் இல்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"மணமகள் எந்த ஊர்?"

"மொங்கோலியா, மாஸ்டர்."

"மொங்கோலியாவில எவடம்?"

"தலைநகரம்தான். பேர் எனக்கு வாயில வராது. தகப்பன் இல்லை. தாய் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. அடுத்த மாசம் வாறா."

"படிப்பிக்கிறாவோ? அப்ப நல்ல குடும்பம்." தியாகலிங்கத்தார் திருப்தியோடு தலையாட்டினார். பிறகு முகம் கறுத்தது. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு மகேசன்."

சிக்கல் இதுதான். மண்டப வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்று உண்டு. மணமக்களின் பெயரும் ஊரும் இனமும் அதில் ஓடவேண்டும். ஓடும் சொல் ஒவ்வொன்றும் பேரவைச் சொற்கோவையில் இருக்கவேண்டும். சொற்கோவையில் மங்கோலியர் இல்லை. இல்லாத சொல்லைச் சொல்லாய்வுக் குழு ஆராய்ந்து, பொதுக்கூட்டத்தில் வைத்து, நிறைவேற்றினால்தான் பலகை ஓடும். பலகை ஓடாமல் கதவு திறக்காது.

"முந்தி ஒரு பெடியன் சமோவாப் பிள்ளையைக் கட்டினவன், ஞாபகமோ? அந்தச் சொல்லை நாங்கள் ஆராய்ஞ்சு முடிக்கேக்கை அவையின்ர பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். அதுக்கு மண்டபம் குடுத்தனாங்கள். குறை சொல்லக்கூடாது, நல்ல வடிவான சொல்."

மகேசன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தை ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் ஆடி. ஆடி முடியுமுன் சம்பந்தியம்மாவின் விசா முடிந்து அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். ஒரே மகளின் கலியாணத்தைத் தாய் பார்க்காமல் போவதா?

முதல் கூட்டம் சித்திரையில் நடந்தது. விளக்கு இரண்டும் ஏற்றி, வரவேற்புரை இரண்டும் முடிந்து, வரவேற்றவர்களை வரவேற்று ஒருவர் பேசி, ரோல்ஸ் ஆறிப்போன பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். சொல்லாய்வுக் குழுவில் மூன்று பேர். முதலில் பழனிசாமி எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, வரலாறு பொழுதுபோக்கு. திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"பாருங்க, முகலாயர் முகலாயர்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமுங்களே, அந்தப் பேரே மங்கோல்ங்கிற சொல்லு பாரசீகத்துக்குப் போயி மாறுனதுதானுங்க. ஆக, நம்ம மகேசன் அண்ணன் வீட்டுக்கு வரப்போறது சாதாரண சம்பந்தம் இல்லீங்க. முகலாய சம்பந்தம்!"

சபை முழுவதும் திரும்பி மகேசனைப் பார்த்தது. மகேசன் தன் ஸ்வெட்டரின் முழங்கைக் கிழிசலை மறைத்துக்கொண்டார்.

"இதுல ரெண்டு கேள்வி இருக்குதுங்க. ஒண்ணு, தாஜ்மகால் கட்டுன பரம்பரையை ஹீட்டர் வேலை செய்யாத மண்டபத்துல உக்கார வெக்கலாமா? ரெண்டு, நம்மாளுகளை ஆண்டவங்களுக்கு மண்டபத்தைச் சும்மா குடுக்கலாமா? எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுதுங்க. அதான் வரலாறு."

அடுத்து கம்சாயினி. சுகாதாரத் துறையில் வேலை. எந்தச் சொல் யாரைப் புண்படுத்தும் என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பவள். மைக்கைத் துடைத்துவிட்டுப் பிடித்தாள்.

"நான் அந்தச் சொல்லை வாயால சொல்லமாட்டன். ம-சொல் எண்டு சொல்லுறன். முந்தின காலத்து டொக்டர்மார் பிறவியிலேயே வளர்ச்சி மெதுவான பிள்ளையளுக்கு இந்தப் பேரை வைச்சவை. முகம் அந்தச் சனத்தின்ர முகம் மாதிரியாம். பிறகு அது தெருவில வசையாப் போச்சுது. எத்தினை தாய்மார் அழுதிருப்பினம்! ஆனபடியால் இந்தச் சொல் இனி ஒருத்தரையும் குறிக்கக்கூடாது."

அவள் சொன்னதில் முதல் பாதி உண்மை. மகேசனும் தலையாட்டினார். பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "அப்ப அந்த நாட்டுச் சனத்தை என்னெண்டு பிள்ளை கூப்பிடுறது?"

"கூப்பிடாமலே விடலாம். அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு?"

மூன்றாவதாகத் தியாகலிங்கத்தார். பிறமொழிச் சொல்லே வேண்டாம், தானே ஒன்று ஆக்கியிருப்பதாகச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு உச்சரித்தார். "வடபுல்வெளிப் புரவிக்குடியினர்." புல்வெளியும் குதிரையும் அங்கே இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மணமகள் நோமின் பிறந்தது பத்தாவது மாடியில் என்பது மகேசனுக்கு மட்டுமே தெரியும்.

கடைசியாகத் தலைவர் சதாசிவம் நாற்காலியில் இருந்தபடியே மைக்கை வாங்கினார். "அந்தச் சொல்லோட வேர் என்னன்னு உலகத்துல யாருக்கும் நிச்சயமாத் தெரியலை. வீரன்னு சிலர் சொல்றாங்க. ஆத்துப் பேருன்னு சிலர் சொல்றாங்க. வேர் தெரியாத சொல் எதுவா இருந்தாலும் அதோட வேர் தமிழ்தான். இது நம்ம பேரவையோட நிலைப்பாடு. ஆதாரம் வரட்டும், காத்திருப்போம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்."

மகேசன் கையை உயர்த்தினார். அவர் வாயைத் திறக்கும் முன் பொன்னாடை விழுந்தது. படபடவென்று கைதட்டல். ஒத்திவைப்பு ஏகமனதாக நிறைவேறியது.

வைகாசியில் குழு கள ஆய்வுக்குப் புறப்பட்டது. களம், ஒடாஹுஹுவில் மங்கோலியன் என்று பெயர் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. வேண்டியமட்டும் சாப்பிடலாம். மகேசனும் போனார். ஆய்வாளர்களை ஏற்றிப் போக வேன் ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே! மூன்று பேரும் தட்டுத் தட்டாக நிரப்பி ஆராய்ந்தார்கள். பழனிசாமி சமையல்காரரைப் பேட்டி காண உள்ளே போய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சமையல்காரர் மன்னார்க்காரராம். முதலாளி மலேசியாவாம். அந்தச் சமையலுக்கும் மங்கோலியாவுக்கும் சம்பந்தமே இல்லையாம், பெயர் எடுப்பாக இருக்கிறது என்று வைத்தார்களாம். இருந்தாலும் ஆய்வு வீண்போகவில்லை. 'அவ்வினத்தார் காரம் குறைத்து உண்பர்' என்று குழு முடிவு கண்டது.

வேனில் திரும்பும்போது மகேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாஸ்டர், எங்கட நோமினையே ஒருக்காக் கேட்டால் என்ன? வேற ஆளும் வேண்டாம், கடையும் வேண்டாம்."

மூன்று பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மகேசன், நீர் நல்ல மனுசன், ஆனா ஆராய்ச்சி தெரியாது" என்றார் தியாகலிங்கத்தார். "தன்ர பேரைப் பற்றித் தானே சொல்லுறது சாட்சியமாகாது. அவ ஒரு பக்கச் சார்பானவ."

"பாதிக்கப்பட்டவையிட்டைக் கேக்கிறதே ஒரு வன்முறை அங்கிள்" என்றாள் கம்சாயினி.

பழனிசாமி ஏப்பம் விட்டார்.

அந்த வாரம் சம்பந்தியம்மா துல்மா வந்து இறங்கினார். குள்ளமான, சிவந்த கன்னமுள்ள, சிரிக்கும்போது கண் காணாமல் போகிற மனுஷி. இங்கிலீஷ் தெரியாது, தமிழ் தெரியாது. ரதிதேவிக்கு மங்கோலிய மொழி தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் குசினிக்குள் போய் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். என்ன கதைத்தார்களோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெளியே வரும்போது இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருக்கும்.

நோமின் மாமியிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிரணவன் தாய்க்கு இங்கிலீஷில் பதில் சொல்ல, வரப்போகிற மருமகள் தமிழில் கேட்பாள். அன்று வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் கேட்டது மகேசனைக் குத்திவிட்டது.

"மாமா, பேரவைக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?"

"சீச்சீ! ஆர் சொன்னது?"

"ரெண்டு மாசமா என்னைப் பற்றிக் கதைக்கினம் எண்டு பிரணவன் சொன்னவர். ஆனா என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை. அம்மா கேக்கிறா, நாங்கள் ஏதும் பிழை செய்தனாங்களோ எண்டு."

மகேசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தான் முழங்கால் தேயப் பதித்த தரையில் நின்று அவனவன் தன் மருமகளுக்குப் பெயர் தேடுகிறான், அவளை உள்ளே கூப்பிட ஒரு நாய்க்கும் மனமில்லை! அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. "ரதி, அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் வெளிக்கிடுங்கோ. சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம்" என்றார். ரதிதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இப்பதான் வாயைத் திறந்திருக்கிறியள்" என்றாள்.

ஆனிக் கூட்டம். அந்த நாட்டில் ஆனி நடுக் குளிர்காலம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. சபை கம்பளிக்குள் நடுங்கியது. துல்மா மட்டும் மேல்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையில் மடித்த நீலப் பட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஊரில் பெரியவர்களைக் காணப்போனால் இரண்டு கையிலும் நீலப்பட்டு ஏந்திக் கொடுப்பது வழக்கமாம். யார் பெரியவர் என்று வந்தவுடனேயே கேட்டு, சதாசிவத்தைக் கண்ணால் குறித்து வைத்துக்கொண்டார்.

குழு தன் இறுதி முடிவை வாசித்தது. மூன்று பேரும் விட்டுக்கொடுக்காததால் மூன்றையும் சேர்த்துவிட்டார்கள். பலகையில் ஓடவேண்டிய வாசகம் இது: 'முன்னர் ம-சொல்லால் குறிக்கப்பட்டு இனி அவ்வாறு குறிக்கப்படாத, முகலாயரின் முன்னோருமாகிய, வடபுல்வெளிப் புரவிக்குடியைச் சேர்ந்த செல்வி நோமின்.'

"இது பலகையில ஓடி முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தாலி கட்டுறதுக்குள்ள முடிஞ்சிருமுங்க" என்றார் பழனிசாமி.

"மணமகன் பேர்?"

"அது வரவேற்பு அன்னைக்கு ஓடும்."

அதற்குமேல் மகேசனால் இருக்க முடியவில்லை. எழுந்தார். நேரே போய்ப் பேரவை மைக்கை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் எடுத்தார். சபை அசந்துபோய்ப் பார்த்தது.

"எனக்குக் கதைக்கத் தெரியாது" என்றார். "கதைக்க வேண்டிய ஆள் இந்தா இருக்கிறா." மைக்கைக் கொண்டுபோய் நோமின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நோமின் எழுந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். ஓம், எனக்குக் கொஞ்சம் தமிழ் வரும். பிழை எண்டால் மாமிக்குத்தான் சொல்லவேணும்."

யாழ்ப்பாணத்துப் பக்கம் சிரித்தது. தமிழ்நாட்டுப் பக்கம், இந்தப் பொண்ணு நம்மளை மாதிரிப் பேசலையே என்று சற்று வருந்தியது.

"கம்சாயினி அக்கா சொன்னது சரி. அந்த டொக்டர்மார் செய்தது பிழை. எங்கட நாடு போய்ச் சொல்லித்தான் உலகத்தில அந்தப் பாவனையை நிப்பாட்டினவை. ஆனா அக்கா, பேரைக் களவெடுத்தவையிட்ட இருந்து பேரைத் திருப்பி வாங்கோணும். பேருக்குச் சொந்தக்காரரிட்ட இருந்து ஏன் பறிக்கிறியள்?"

கம்சாயினி பேனாவை எடுத்துக் கையில் இருந்த காகிதத்தில் ஒரு வரியை அடித்தாள்.

"பழனிசாமி அங்கிள், நான் இளவரசி இல்லை. எனக்கும் வீட்டு மோர்ட்கேஜ் கட்ட இருக்கு. மாஸ்டர், எனக்குக் குதிரை எண்டால் பயம். நாங்கள் மொங்கோல். எங்கட அம்மம்மா அப்பிடித்தான் சொன்னவ, அம்மா அப்பிடித்தான் சொல்லுறா. அவ்வளவுதான். கலியாணத்துக்கு எல்லாரும் கட்டாயம் வாங்கோ."

சபையில் ஒரு சலசலப்பு. தியாகலிங்கத்தார் தலைவரின் காதைக் கடித்தார். சதாசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. ஆகவே இதை ஆடி மாசக் கூட்டத்துக்கு..." என்று சொல்லிக்கொண்டே மைக்குக்காகக் கையை நீட்டினார்.

மகள் பேசி முடித்துவிட்டாள் என்று கண்டதும் துல்மா எழுந்தார். பெரியவர் கையை நீட்டுகிறார், இதுதான் சமயம் என்று நினைத்தார் போலும். இரண்டு கையிலும் நீலப்பட்டை விரித்து ஏந்திக்கொண்டு, தலை தாழ்த்தி, நேரே மேடைக்கு வந்து சதாசிவத்தின் முன்னால் நின்றார்.

பட்டைக் கண்டதும் சதாசிவத்தின் கழுத்து தானாகக் குனிந்தது. அவரைக் குறை சொல்லமுடியாது, வருஷக்கணக்கான பழக்கம். மூளைக்குச் செய்தி போகும் முன்பே கழுத்து போய்விட்டது. கையில் வாங்க வேண்டிய மனுஷன் கழுத்தை நீட்டுவதைக் கண்டு துல்மா திகைத்தார். இந்த ஊர் முறை இப்படித்தானாக்கும் என்று தோளைச் சுற்றிப் போட்டுவிட்டார். படம் எடுப்பவர் பளிச்சென்று எடுத்தார். சபை படபடவென்று தட்டியது. முதல் நன்றியுரைக்காரர் எழுந்து, "இத்துடன் கூட்டம் இனிதே..." என்று தொடங்கிவிட்டார்.

பிறகுதான் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ!" தியாகலிங்கத்தார் பதறினார். "தலைவர் ஒத்திவைக்கிறார்!"

"மைக்ல சொல்லலையேங்க" என்றார் பழனிசாமி. அவருக்கு இளவரசி போன துக்கம் இருந்தாலும் மரபு மரபுதான். "மைக்கு பொண்ணு கையில இருந்துச்சு. கடைசியா அந்தப் பொண்ணு சொன்னதுதான் செல்லுமுங்க."

வெள்ளை டொயோட்டாவையே தீர்மானமாக ஏற்ற பேரவை இதை எப்படி மறுக்கும்? தியாகலிங்கத்தார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தானே எழுதிய விதியைத் தானே நொந்தபடி அறிவித்தார். அவர்கள் மொங்கோல் என்பதும், அவ்வளவுதான் என்பதும், கலியாணத்துக்கு எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்பதும் ஏகமனதாக நிறைவேறின. ரதிதேவி முன்வரிசையில் இருந்து ஓடிவந்து துல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கலியாணத்தன்று பலகையில் எழுத்து மூச்சு வாங்காமல் ஓடியது. தீர்மானம் ஆயிற்றே, ஒருவர் பாக்கியில்லாமல் சனம் வந்து குவிந்தது. யாரோ புண்ணியவான் ஹீட்டரையும் திருத்தியிருந்தார். துல்மா மகளின் தலையைத் தடவி உச்சி முகர்ந்ததை மகேசன் பார்த்தார். இந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த டைல் எல்லாம் பதித்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

பந்தியில் சதாசிவம் பெருந்தன்மையோடு சம்பந்தியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். நீலப்பட்டு இன்னும் தோளில்தான் இருந்தது. "உங்க பாஷையில எங்களை என்னன்னு சொல்லுவீங்கன்னு அம்மாகிட்ட கேளும்மா" என்றார் நோமினிடம்.

துல்மா சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார். நோமின் கொஞ்சம் தயங்கினாள். "எனெத்ஹெக். அப்பிடியெண்டால்... இந்தியர்."

"பலே!" என்றார் சதாசிவம். பழனிசாமி மேசையைத் தட்டினார்.

தியாகலிங்கத்தார் பாயசக் கிண்ணத்தை டக்கென்று வைத்தார். "இந்தியரோ? ஆர் இந்தியர்? நான் யாழ்ப்பாணம், சுன்னாகம்! எங்களுக்கெண்டு ஒரு பேர் இல்லையோ? ஆரோ தங்கட எண்ணத்துக்கு ஒரு பேரை வைக்கிறதோ? எங்களை ஒரு சொல்லுக் கேட்டவையோ?"

மகேசன் பரிமாறிக்கொண்டிருந்த வாளியை அப்படியே பிடித்தபடி நின்றார். சிரிப்பை அடக்க முடியாமல் வாளிதான் ஆடியது.

பெரியவர் ஏதோ மனம் நொந்துவிட்டார் என்பது மட்டும் துல்மாவுக்கு விளங்கியது. அவர் அவசரமாகக் கைப்பைக்குள் கையை விட்டு, இன்னொரு நீலப்பட்டை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார்.

"எங்களை ஒருக்கால் கேட்டிருக்கலாம்தானே!" என்று கத்திக்கொண்டே தியாகலிங்கத்தார் கழுத்தைக் குனிந்து கொடுத்தார்.